என்கொயரிக்கு வந்தவர்

ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் ஒரே அடுப்பில் எட்டுப் பேருக்குச் சமைத்தால் அது குடும்பம். இரண்டு அடுப்பில் ஆறு பேருக்குச் சமைத்தால் அது குற்றம். அரசாங்கம் தன் ஊழியருக்குக் கொடுத்த வீட்டை அவர் வெளியாளுக்கு வாடகைக்கு விடக் கூடாது என்பது சட்டம். விட்டிருக்கிறாரா என்று பார்க்க வருகிற எஸ்டேட் ஆபீஸ்காரர்கள் முதலில் தேடுவது இரண்டாவது அடுப்பைத்தான். அவர்களுடைய ஜீப் செக்டாருக்குள் நுழைந்த செய்தி காய்கறி வண்டிக்காரன் வாயிலாக வந்து சேர்ந்ததும் அருக்காணி தன் அடுப்பைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவாள். சிலிண்டரின் மேல் பழைய போர்வையைப் போட்டு, அதன் மேல் தைக்க வந்த சேலைகளைக் குவிப்பாள். நாலு வருஷத்தில் ஆறு தடவை இப்படிச் செய்திருக்கிறாள். ஆறாவது தடவை மூன்றே நிமிஷத்தில் முடித்துவிட்டாள்.

வீடு அழகர்சாமி பெயரில் இருந்தது. ஒரு அமைச்சகத்தில் தபால் அனுப்பும் பிரிவில் அவர் கிளார்க். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து எழுபத்தொன்றில் தில்லிக்கு வந்தவர். பதினெட்டு வருஷம் வரிசையில் காத்துக் கிடந்து இந்த இரண்டு அறை வீடு கிடைத்தது. அவரும் மனைவி பொன்னியும் மட்டும்தான், பிள்ளை இல்லை. முன்னறையையும் பின்பக்கத்து வராந்தாவையும் பூவராகவனுக்கு விட்டிருந்தார்கள்.

பூவராகவனுக்குக் காங்கேயம். கோயம்புத்தூர் பம்ப்செட் கம்பெனி ஒன்றின் தில்லிக் கிளையில் விற்பனைப் பிரதிநிதி. கேட்லாக் பையை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு சாவ்டி பஜாரிலிருந்து பகதூர்கட் வரைக்கும் புழுதி தின்கிற வேலை. மனைவி அருக்காணி பிளாக்கில் உள்ளவர்களின் சேலைகளுக்கு ஃபால்ஸ் வைத்துத் தைத்துக் கொடுப்பாள். பிரதீப்புக்கு ஏழு வயது, இளவரசிக்கு நாலு. இரண்டும் தில்லியில் பிறந்தவை. தமிழில் கேட்டால் இந்தியில் பதில் வரும்.

யாராவது கேட்டால் அருக்காணி பொன்னியின் தங்கை. குடிவந்த முதல் வாரமே பொன்னி இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டாள். அருக்காணி அழகர்சாமியை "அண்ணா" என்று கூப்பிட்டபோது பொன்னி அதட்டினாள்.

"அடியே, நான் ஒனக்கு அக்கான்னா அவரு எப்படி அண்ணனாவாரு? அக்கா புருசன மாமான்னு கூப்பிடு. ஒரு நா இல்லாட்டி ஒரு நா எவனாச்சும் காதுல விழுந்துச்சுன்னா மாட்டிக்குவோம்."

"எங்கூர்லயும் மாமான்னுதானுங்க்கா கூப்புடுவோம். கூச்சமா இருந்துச்சுன்னுட்டு சொல்லுலீங்."

அன்றிலிருந்து மாமாதான். பிள்ளைகளுக்குப் பெரியப்பா, பெரியம்மா. கொஞ்ச நாளில் யாருக்காகச் சொல்கிறோம் என்பதே மறந்து போய்விட்டது. பொன்னி முட்டி வலியில் படுத்த மாசங்களில் அருக்காணிதான் இரண்டு அடுப்பிலும் சமைத்தாள். பொன்னி வைக்கும் கருவாட்டுக் குழம்பை பிரதீப் எதிர் வீட்டு வாசல் வரைக்கும் மோந்துகொண்டு ஓடி வருவான். அருக்காணி ஆக்கும் அரிசியும் பருப்புஞ் சோற்றை அழகர்சாமி டிபனில் கட்டிக்கொண்டு போவார்.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் ஜனவரியில், வடக்கு மண்டலத்திலேயே அதிக பம்ப் விற்ற ஆளுக்குக் குடும்பத்தோடு சிங்கப்பூர் போய்வர ஆறு நாள் டிக்கெட் என்று கம்பெனி அறிவித்தது. அந்த ஆள் பூவராகவன். கடிதத்தைக் கொண்டுவந்து சுவாமி படத்துக்கு முன்னால் வைத்தான். ஜூன் பத்தாம் தேதி விமானம்.

அடுத்த இரண்டு மாசம் அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. சிங்கப்பூரில் சோறு கிடைக்குமா, புளியோதரை எத்தனை நாள் தாங்கும், குட்டி ரைஸ் குக்கரைப் பெட்டியில் வைத்தால் அதிகாரிகள் பிடுங்கிக்கொள்வார்களா என்று தினமும் பஞ்சாயத்து. முனிர்கா போகிற பஸ்ஸிலேயே வாந்தி எடுக்கிற இளவரசி ஐந்து மணி நேரம் ஆகாயத்தில் எப்படி இருப்பாள் என்பது அருக்காணியின் பெரிய வெசனம். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் அழகர்சாமி நாலு நாற்காலிகளை வரிசையாகப் போடுவார். பிரதீப் பைலட். அருக்காணியின் துப்பட்டா சீட் பெல்ட். அழகர்சாமி இளவரசி பக்கத்தில் பயணியாக உட்கார்ந்துகொள்வார்.

"பெரிப்பா, பிளேன் மே சூசூ ஆயா தோ?"

"அதுக்குன்னு உள்ளயே ஒரு ரூம் இருக்காம் தாயி. ஒங்கப்பன்ட்ட சொன்னாக் கூட்டிட்டுப் போவான்."

"நீங்ககூட ஆவோ னா."

"நான் எங்கிட்டு வர்றது? எனக்கு ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்தேன். நீ போயிட்டு வந்து சொல்லு. ஏறுனதுலருந்து எறங்குற வரைக்கும் ஒன்னு விடாமச் சொல்லணும்."

முப்பது வருஷமாக மற்றவர்களின் வெளிநாட்டுப் பயண உத்தரவுகளை உறையிலிட்டு, அரக்கு வைத்து, தபாலில் சேர்த்தவர் அவர். ஒரு தடவை விமான நிலையம் வரைக்கும் போயிருக்கிறார், அதிகாரி மறந்துவிட்டுப் போன ஒரு ஃபைலைக் கொடுக்க. கண்ணாடிக் கதவுக்கு வெளியிலேயே வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

சிக்கல் பாஸ்போர்ட்டில் தொடங்கியது. நாலு பேருக்கும் நாலு ஃபாரம். தில்லியில் எங்கே இருக்கிறீர்கள், எத்தனை வருஷமாக, அதற்கு என்ன ஆதாரம் என்று அதில் கேட்டிருந்தது. ரேஷன் கார்டு காங்கேயத்தில் இருந்தது. போலீஸிலிருந்து ஒருவர் வீட்டுக்கே வந்து விசாரிப்பார் என்றும், வீட்டுக்காரரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்தால் காரியம் சீக்கிரம் முடியும் என்றும் ஃபாரம் நிரப்பிக் கொடுத்த ஏஜென்ட் சொல்லிவிட்டான்.

பூவராகவன் இரண்டு நாள் தயங்கிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டான். அழகர்சாமி கூலருக்குப் புது வைக்கோல் தட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங். நாங்க இங்க நாலு வருசமா குடியிருக்கறோமுன்னு ஒரு லெட்டரு வேணுமாமுங். போலீசுக்குக் காட்டறதுக்குத்தானுங், வேற எதுக்குமில்லீங்."

அழகர்சாமி சுத்தியலைக் கீழே வைத்தார். "சொந்தக்காரவுகன்னு எழுதித் தரட்டுமா?"

"ஃபாரத்துல வாடகைன்னு எழுதிப்போட்டானுங் ஏஜென்ட்டு. மாத்தி எழுதுனா சந்தேகப்படுவாங்கங்கறான்."

"என் கையெழுத்துல, வாடகைக்கு விட்டுருக்கேன்னு." அழகர்சாமி சிரித்தார். "முப்பது வருசம் பேப்பரோட பொழங்குனவன்ப்பா நான். பேசுனது காத்துல போயிரும், பேப்பரு போகாது. எங்கன பதுங்கிக் கெடந்தாலும் எந்திரிச்சு வரும்."

பொன்னி அடுக்களையிலிருந்து, "வேணாம்ங்க. வம்ப வெலைக்கு வாங்காதீங்க" என்றாள்.

அப்போது இளவரசி தன் பிளாஸ்டிக் விமானத்தை அவர் முதுகில் இறக்கினாள். அவர் அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து போய், கோடு போட்ட தாளில், தபால் பிரிவுக்கே உரிய முத்து முத்தான கையெழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்து அருக்காணியிடம் கொடுத்தார்.

"போலீசுக்காரன்ட்ட காட்டு. காட்டிட்டு அப்பவே வாங்கிக் கிழிச்சுப்புடு. அவன் கையில விடாத. என்ன?"

"சரிங் மாமா."

ஏப்ரல் இரண்டாம் வாரம். வெயில் அதற்குள் ஏறி, காலை பத்து மணிக்கே தெருவில் நாய்கூட நடமாடவில்லை. போலீஸ் ஆள் எந்த நாளும் வரலாம் என்று அருக்காணி ஒரு வாரமாகத் தயாராக இருந்தாள். மஞ்சள் ஃபைல் ஒன்றில் பிரதீப்பின் பள்ளிக்கூடச் சீட்டு, இளவரசியின் தடுப்பூசி அட்டை, ஊரிலிருந்து வந்த கடித உறைகள், அழகர்சாமியின் கடிதம் எல்லாம் வரிசையாக இருந்தன. முறுக்கு கூடச் சுட்டு வைத்திருந்தாள்.

அன்று பொன்னி முட்டிக்கு மருந்து வாங்க டிஸ்பென்சரிக்குப் போயிருந்தாள். பதினொரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. அரைக்கைச் சட்டை, கையில் தோல்பை, கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஒருவர். ஜீப் இல்லை, கூட ஆள் இல்லை. நடந்து வந்திருந்தார்.

"அழகர்சாமி கா மகான்? என்கொயரி கே லியே ஆயா ஹூன்." அழகர்சாமி வீடா, விசாரணைக்கு வந்திருக்கிறேன் என்றார்.

அருக்காணிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "ஆயியே பாயி சாப், ஆயியே" என்று மின்விசிறியைச் சுழலவிட்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மோர் கொண்டுவந்தாள். அவர் மோரைக் குடித்துவிட்டு, நீங்கள் யார் என்று இந்தியில் கேட்டார்.

அவள் ஒரு வாரமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியம் அது. "ஹம் கிராயேதார் ஹைன். சார் சால் சே." வாடகைக்கு இருக்கிறோம், நாலு வருஷமாக.

அவர் நிமிர்ந்து பார்த்தார். இன்னொரு தடவை கேட்டார். அவள் இன்னொரு தடவை சொன்னாள், இன்னும் தெளிவாக. நம்பவில்லையோ என்று பயந்து மஞ்சள் ஃபைலை அவர் மடியிலேயே வைத்தாள். ஒவ்வொரு காகிதமாக எடுத்துக் காட்டினாள். தனியாக இருப்பதற்கு அத்தாட்சியாகப் பின்பக்கத்து வராந்தாவுக்குக் கூட்டிப்போய்த் தன் அடுப்பைக் காட்டினாள், சிலிண்டரைக் காட்டினாள், தன் பாத்திரங்களைக்கூடத் தட்டிக் காட்டினாள். எல்லாம் எங்களுடையது, அவர்களுடையது அந்தப் பக்கம் என்றாள். அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து எழுதிக்கொண்டே வந்தார்.

கடைசியில் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இதை நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார்.

கிழித்துவிடச் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. ஆனால் கேட்கிறவரிடம் மாட்டேன் என்றால் பாஸ்போர்ட் நின்றுவிடுமே. இளவரசி அவர் முன்னால் நின்று, "அங்கிள், ஹம் பிளேன் மே ஜாயேங்கே" என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ரக் லீஜியே" என்றாள் அருக்காணி, வைத்துக்கொள்ளுங்கள் என்று. நாலு முறுக்கைப் பேப்பரில் சுற்றிக் கையில் கொடுத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தோல்பையை மூடிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார்.

கேட் அருகே பொன்னி எதிரே வந்துகொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் நின்றுவிட்டாள். உள்ளே வந்தவள் மருந்துப் பையைக் கீழே வைக்கவில்லை.

"அந்தாளு எதுக்குடி வந்துட்டுப் போறான்?"

"போலீசு என்கொயரிங்க்கா. நல்ல மனுசனாட்ட இருந்தாருங். எல்லாத்தையும் காட்டிப்போட்டேன்."

"போலீசா? போன தடவ ஜீப்புல வந்து கட்டிலுக்கடியில குனிஞ்சு பாத்தவன்டி அவன். எஸ்டேட் ஆபீசு."

அருக்காணி அந்தத் தடவை தையல் துணிகளுக்குப் பின்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். வந்தவர்களின் செருப்பைத்தான் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. போலீஸ்காரரிடம் இங்கே இருக்கிறோம் என்று நிரூபிக்க வேண்டும். எஸ்டேட்காரரிடம் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். போலீஸிடம் சொல்ல வேண்டியதை எஸ்டேட்காரரிடம் சொல்லி, உபசரித்து, கையெழுத்தோடு கொடுத்தும் அனுப்பிவிட்டாள்.

"லெட்டரு?" என்றாள் பொன்னி.

அருக்காணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பொன்னி மருந்துப் பையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் அழகர்சாமி வந்து செருப்பைக் கழற்றியபோது பொன்னிதான் சொன்னாள். அருக்காணி முன்னறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். அவர் திட்டுவார், நாலு வார்த்தை திட்டினால் மனசு ஆறும் என்று காத்திருந்தாள். அவர் லெட்டரையும் கொடுத்துவிட்டாளா என்று ஒன்றை மட்டும் கேட்டார். பிறகு டீ கேட்டார்.

ஐந்தாம் நாள் நிஜப் போலீஸ்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தார். அப்போது வீட்டில் அழகர்சாமியும் இருந்தார். வீட்டுக்காரரின் கடிதம் எங்கே என்று போலீஸ்காரர் கேட்டதும் பூவராகவன் தலையைத் தொங்கப் போட்டான். அழகர்சாமி உள்ளே போய், அதே கோடு போட்ட தாளில், அதே வாசகத்தை இன்னொரு தடவை எழுதிக்கொண்டு வந்து நீட்டினார்.

"ஒன்னு எழுதுனாலும் ரெண்டு எழுதுனாலும் தண்டன ஒன்னுதேன்" என்று பிறகு சொன்னார்.

பொன்னி அன்று அவரோடு பேசவில்லை. பூவராகவனும் அருக்காணியும் முன்னறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். வேண்டாம் மாமா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெட்கங்கெட்ட மனசு பாஸ்போர்ட் வந்துவிடும் என்று உள்ளுக்குள் சந்தோஷம்கூடப் பட்டது.

பாஸ்போர்ட் மே முதல் வாரம் வந்தது. அதே வாரம் அழகர்சாமிக்கு நோட்டீசும் வந்தது. வீட்டு ஒதுக்கீட்டை ஏன் ரத்து செய்யக் கூடாது, பதினெட்டாம் தேதி நேரில் வந்து சொல்லவும். அந்த நோட்டீசைக் கையெழுத்துப் போட்டு வாங்கும்போது, உறையைச் சரியாக ஒட்டவில்லை என்று தபால்காரனிடம் குறை சொன்னாராம்.

ஆபீஸ் யூனியனில் அந்தோணி என்பவர் விவரம் தெரிந்த ஆள். அவர் ஒரு வழி சொல்லியிருந்தார். அதைக் கேட்டுக்கொண்டு வந்து பொன்னிதான் முன்னறைக்குள் நுழைந்தாள். நாலு வருஷத்தில் முதல் தடவையாகக் கதவைத் தட்டிவிட்டு நுழைந்தாள். பூவராகவன் பெட்டிக்குப் புதுப் பூட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, அவரு கேக்க மாட்டாரு. நான் கேக்குறேன். பதினெட்டாந்தேதி நீங்க ரெண்டு பேரும் வந்து ஒரு வார்த்த சொல்லணும். நாங்க வாடகைக்கு இல்ல, ஒறவுமொறதேன், வந்து தங்கியிருக்கோம், அந்த லெட்டரு பாஸ்போட்டுக்காக எழுதி வாங்குனதுன்னு. அப்படிச் சொன்னா வீடு தப்பிச்சாலும் தப்பிக்குமாம்."

பூவராகவன் பூட்டை மூடினான், திறந்தான். "அப்புடிச் சொன்னா போலீசுல பொய் சொன்னதா ஆயிப்போகுமுங்கக்கா. பாஸ்போர்ட்ட புடுங்கிப்போடுவானுங்."

"ஆமா. அதயும் அந்தோணி சொன்னாரு."

"கம்பெனியில டிக்கெட்டு போட்டாச்சுங்."

"தெரியும்ப்பா. தெரிஞ்சுதேன் கேக்குறேன். இவருக்கு ரிட்டையராக இன்னும் ரெண்டு வருசம் கெடக்கு. வெளிய போயி இந்தச் சம்பளத்துல என்ன வீடு கெடைக்கும்? எனக்கும் இந்தக் காலு. டிஸ்பென்சரி எதுக்க இருக்கப் போயி எட்டு வச்சுப் போயிட்டு வாரேன்."

"பாக்கறனுங்க்கா" என்றான் பூவராகவன்.

பொன்னி அருக்காணியைப் பார்த்தாள். அருக்காணி ஒரு சேலையின் ஓரத்தை மடித்து மடித்து ஊசி குத்திக்கொண்டிருந்தாள். அவள் நிமிரவில்லை.

கதவு சாத்தியதும் பூவராகவன் தாழ்ந்த குரலில் பேசினான். "நம்மள அதிகாரிக முன்னால போயி பொய் சொல்லச் சொல்றாங்க. அது சரிப்படுமா, நீயே சொல்லு."

நாலு வருஷமாக வாய் கூசாமல் சொன்ன பொய்தான் அது. அந்த ஒரு நாள் மட்டும் அவனுக்கு அரிச்சந்திரன் வேஷம் பிடித்துவிட்டது. அருக்காணிக்கு இது தெரியாமல் இல்லை.

"சொன்னாலும் வீடு நிக்கும்னு உறுதியில்லீங்களே" என்றாள் அவள். தன் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லை அவளே வேறு யாரோ பேசியது போலக் கேட்டாள்.

"அதத்தான் நானும் சொல்றேன். வீடும் போயி, இதும் போயி, ரெண்டு பக்கமும் எதுக்குங்கறேன். கொழந்தைக வேற ஸ்கூல்ல எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போட்டுதுக."

பதினேழாம் தேதி பூவராகவன் லூதியானா டூர் போனான். போகவேண்டிய டூர் இல்லை, அவனே கேட்டு வாங்கிக்கொண்டது. சட்டைகளை மடித்துப் பையில் வைத்தது அருக்காணி. பதினெட்டாம் தேதி காலையில் அழகர்சாமி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னறையைத் தாண்டி நடந்தார். பொன்னியும் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, காலை இழுத்து இழுத்துப் பின்னால் போனாள். வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். நான் மட்டுமாவது வருகிறேன் என்று அருக்காணி எழுந்திருக்கலாம். அவளும் நாலு வார்த்தை இந்தி பேசக்கூடியவள்தான், அன்றைக்கு அவ்வளவு நன்றாகப் பேசினாளே.

"இளவரசிக்கு மேலு சுடுதுங்க்கா" என்றாள்.

இளவரசி தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள். பொன்னி அதைப் பார்த்துவிட்டு, "சரித்தா, பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மத்தியானம் ஆந்தி அடித்தது. வானம் பழுப்பாகி, புழுதி ஜன்னல் இடுக்கெல்லாம் புகுந்து, புது சூட்கேஸ் மேல் விரல் கனத்துக்குப் படிந்தது. அருக்காணி அதை ஈரத் துணியால் துடைத்தாள். துடைத்துக்கொண்டிருக்கும்போது அவர்கள் இருவரும் தலையெல்லாம் மண்ணாகத் திரும்பி வந்தார்கள். என்ன ஆயிற்று என்று கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை. ஜூன் முப்பதுக்குள் காலி செய்ய வேண்டும் என்று சாயங்காலம் எதிர் வீட்டுக்காரி சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.

மே கடைசியில் பூவராகவன் ஜனக்புரியில் வீடு பார்த்துவிட்டான். சாமான் ஏற்றிய டெம்போ கிளம்பும்போது அழகர்சாமி இளவரசியிடம், "ஜன்னல் ஓரமா உக்காரு, என்ன? ஒங்கண்ணனுக்கு விட்டுறாத" என்றார். பொன்னி புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் கொடுத்தாள். வாங்காமல் இருக்க முடியவில்லை. வாங்கவும் கை எழவில்லை. பிரதீப்தான் வாங்கிக்கொண்டான்.

அவர்கள் சிங்கப்பூர் போனார்கள், வந்தார்கள்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை பெய்து ஓய்ந்து புழுக்கம் பிடுங்கிய நாளில், நாலு பேரும் அழகர்சாமி குடிபோன வீட்டைத் தேடிப் பாலம் காலனிக்குப் போனார்கள். விலாசம் கேட்டுக் கேட்டுச் சந்துக்குள் சந்தாக நடந்தார்கள். பூவராகவன் அரை மனசாகத்தான் வந்தான். பையில் கோடாலித் தைலம் ஆறு பாட்டில், சாக்லேட், அழகர்சாமிக்கு ஒரு பேனா. வழியெல்லாம் அருக்காணி பிள்ளைகளிடம் படித்துப் படித்துச் சொன்னாள்: "பெரிப்பா வூட்டுல போயி பிளேனு, ஊருன்னு ஒன்னும் பேசப்படாது. சமஜே?"

மூன்றாவது மாடி. ஒற்றை அறை. குழாய் கீழேதான். அவர்கள் படியேறும்போது இரண்டு வாளித் தண்ணீரோடு அழகர்சாமி முன்னால் ஏறிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் வாளியை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார். பூவராகவன் ஓடிப்போய் ஒரு வாளியைப் பிடுங்கிக்கொண்டான். அவர் திரும்பிப் பார்த்து, "அட, வாங்க வாங்க" என்றார், முகத்தில் எந்தக் கோணலும் இல்லாமல்.

பொன்னி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மாடி ஏறி இறங்க முடியாமல் அவள் தெருவைப் பார்த்து இருபது நாளாயிற்று. முட்டி முன்னைவிட வீங்கியிருந்தது. இருந்தும் சோறு வடித்துக் குழம்பு கூட்டினாள். அருக்காணி வெங்காயம் உரித்தாள். அந்தச் சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடிந்தது.

சாப்பிட்டு முடித்ததும் அழகர்சாமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். இளவரசியை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ம், சொல்லு. ஏறுனதுலருந்து ஆரம்பி."

இளவரசி அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் கண் உருண்டது. இளவரசி உதட்டை மடக்கிக்கொண்டாள்.

"என்னத்தா, ஊமையாகிட்ட? அருக்காணி, நீயாச்சும் சொல்லு. எப்படி இருந்துச்சு?"

அருக்காணி தரையைப் பார்த்தாள். "ஒன்னும் பிரமாதமில்லீங் மாமா. ஒரே வேக்காடு. சோறு வாய்ல வைக்க முடீல. கால் வலிதான் மிச்சம். ஏண்டா போனமுன்னு ஆயிப்போச்சுங்."

"ஜூட்!" என்று பிரதீப் கத்தினான். பொய்! அவனால் அடக்க முடியவில்லை. "மம்மி ஜூட் போல் ரஹீ ஹை, பெரிப்பா. மம்மி அங்க போட்ல ஜோர் ஜோரா சிரிச்சா. ரோஸ் போலா கி யஹீன் ரெஹ் ஜாதே ஹைன். தெனமும் சொன்னா, இங்கயே இருந்துக்கலாம்னு."

பூவராகவன் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். பிரதீப் அழவில்லை, ஏன் அடித்தார் என்று புரியாமல் விழித்தான்.

அழகர்சாமி பிரதீப்பின் முதுகைத் தடவிக் கொடுத்தார். பிறகு அருக்காணியைப் பார்த்தார்.

"நல்லா இருந்துச்சுன்னு சொல்லு தாயி. நீயும் நல்லா இல்லைன்னு சொல்லிட்டா, நாங்க எதுக்கு வீட்ட விட்டோம்?"

பொன்னி கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நல்லா இருந்துச்சுங் மாமா" என்றாள் அருக்காணி. அது உண்மை. ஆறு நாளும் நன்றாக இருந்தது, அவள் வாழ்நாளில் அத்தனை சந்தோஷமாக இருந்ததே இல்லை. அந்த ஆறு நாளில் ஒரு நாள்கூட இவர்கள் ஞாபகம் அவளுக்கு வரவில்லை.

"அப்படிச் சொல்லு" என்று அழகர்சாமி காலை நீட்டி வசதியாக உட்கார்ந்தார். "சரி, மொதல்லருந்து வா. உள்ள ஏறுன ஒடன என்ன செஞ்சாய்ங்க?"

அவள் சொல்லத் தொடங்கினாள்.